ஐபியா ஏ லெவலான்னு கேக்குறதுக்கு முன்னாடி

என் தம்பி ராத்திரி பத்தரைக்கு மேல போன் பண்ணினா ஒண்ணு வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லைன்னு அர்த்தம், இல்லைன்னா பொண்ணு படிப்புல ஏதோ குழப்பம்னு அர்த்தம். போன வாரம் அவன் நம்பரை பாத்ததும் திக்குன்னு தான் எடுத்தேன், நல்லவேளை ரெண்டாவது கேஸ். "அக்கா, ஐபி பெருசா ஏ லெவல் பெருசா, சுத்தி வளைக்காம ஒரே வார்த்தைல சொல்லு, ரெண்டு நாள்ல ஸ்கூலுக்கு பதில் சொல்லணும்"ங்கிறான். டேய், ரெண்டு வருஷ படிப்புடா, அதுக்கப்புறம் அவ எந்த வாசல்ல போய் நிக்கலாம் எந்த வாசல்ல நிக்க முடியாதுங்கறதே இதுல தான் இருக்கு, ஒரே வார்த்தைல சொல்ல நான் என்ன கிளி ஜோசியமா பாக்குறேன்னு கேட்டேன். சிரிச்சான், ஆனா போனை வைக்கல.

அன்னிக்கு ஒரு மணி நேரம் பேசினதை தான் இங்க எழுதுறேன், ஏன்னா இதே கேள்வியோட வருஷத்துக்கு நாலு பேராவது வர்றாங்க. நான் டீச்சர் கிடையாது, கவுன்சிலரும் கிடையாது. வேலை மாத்தல்னால ஊர் ஊரா ஸ்கூல் மாறினதுல பெரியவன் ஏ லெவல் படிச்சான், சின்னவ ஐபி படிச்சா, ரெண்டுலயும் கையை சுட்டுக்கிட்ட அம்மா, அவ்வளவு தான் என் தகுதி.

முதல்ல ஒரு குழப்பத்தை தீர்த்துடறேன். ஐபி, ஏ லெவல் ரெண்டுமே ப்ரீ யுனிவர்சிட்டி படிப்பு. ப்ரீ யுனிவர்சிட்டின்னா ஸ்கூலோட கடைசி ரெண்டு வருஷம், பெரும்பாலும் 16 வயசுலேர்ந்து 18 வரைக்கும், யுனிவர்சிட்டி அட்மிஷனுக்கு கேக்குற சர்டிபிகேட் அதுல தான் வரும். ஐஜிசிஎஸ்இ இதுல சேராது. அது 1988ல முதல் எக்ஸாம் வச்ச சர்டிபிகேட், 14லேர்ந்து 16 வயசு பசங்களுக்கு, அதாவது பத்தாவதுக்கு பக்கத்துல வர்ற விஷயம். "ஐஜிசிஎஸ்இ முடிச்சாச்சே, அதுவே இன்டர்நேஷனல் தானே, அப்புறம் எதுக்கு இன்னும் ரெண்டு வருஷம்"னு ஒருத்தர் என்கிட்ட கேட்டிருக்காரு. ஐஜிசிஎஸ்இ ரிசல்ட்டை யுனிவர்சிட்டி பாக்காதுன்னு சொல்லல, பாக்கும், முக்கியமா இங்கிலீஷ் மேத்ஸ் ரெண்டுலயும் என்ன கிரேடுன்னு பாக்கும், ஆனா அதை மட்டும் வச்சு டிகிரில சேக்காது.

சரி, ஏ லெவலுக்கு வருவோம். இங்கிலாந்துல 1951ல ஆரம்பிச்சது. இதுல இருக்கிறது மூணே பாடம். ஆமா, மூணு தான், நல்லா படிக்கிற சில பசங்க நாலு எடுப்பாங்க, அதுலயும் நாலாவது பல பேருக்கு ஃபர்தர் மேத்ஸா இருக்கும், மேத்ஸுக்கும் மேல இன்னொரு மேத்ஸ். நம்ம ஆளுங்களுக்கு மூணு பாடம்னதும் "அப்ப ஈஸி தானே"ன்னு தோணும். அஞ்சாறு பாடத்துக்கு போற நேரம் மொத்தமும் மூணுக்கு போகுதுங்க, அவ்வளவு ஆழமா தோண்டுவாங்க. மொழிப்பாடம் கட்டாயம் இல்ல, மேத்ஸ் கட்டாயம் இல்ல, எதுவுமே கட்டாயம் இல்ல. பிடிக்காததை எல்லாம் 16 வயசுலயே தூக்கி போட்டுடலாம், ஏ லெவலோட ருசியே அது தான், அதோட ஆபத்தும் அதே தான்.

அந்த ஆபத்துல தான் பெரியவன் மாட்டினான். ஐஜிசிஎஸ்இ மேத்ஸ்ல பி வாங்கினதும் இனிமே மேத்ஸ் பக்கமே தலை வச்சு படுக்க மாட்டேன்னு எகனாமிக்ஸ், பிசினஸ், ஜாக்ரஃபின்னு மூணு எடுத்தான். காலேஜ்ல எகனாமிக்ஸ் படிக்கணும்னு அவனுக்கு ஆசை, ஸ்கூல்ல போய் கேட்டோம், "எகனாமிக்ஸ் எடுத்திருக்கான்ல, போதும்"னு சொன்னாங்க, நாங்களும் தலையாட்டிட்டு வந்தோம். ரெண்டாவது வருஷம் அப்ளிகேஷன் போடுற நேரத்துல ஒவ்வொரு யுனிவர்சிட்டி பக்கமா திறந்து பாக்குறான், பெரிய இடம் எல்லாத்துலயும் ஏ லெவல் மேத்ஸ் கட்டாயம்னு போட்டிருக்கு, எகனாமிக்ஸ் எடுத்திருந்தா நல்லதுன்னு கூட சில இடத்துல போடல, இல்லன்னாலும் பரவால்லைன்னு போட்டிருக்கு. எகனாமிக்ஸ் டிகிரிக்கு எகனாமிக்ஸ் வேணாமாம் மேத்ஸ் வேணுமாம். அன்னிக்கு வீட்ல யாரும் யார்கிட்டயும் பேசல. கம்ப்யூட்டர் சயின்ஸும் இதே கதை தான்னு அப்புறம் தெரிஞ்சுது, நிறைய நல்ல டிபார்ட்மென்ட் மேத்ஸ் தான் கட்டாயம்னு கேக்கும், ஸ்கூல்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சிருக்கணும்னு கேக்காது. லா படிக்க குறிப்பிட்ட பாடம்னு பெரும்பாலும் எதுவும் கேக்க மாட்டாங்க. மெடிசினுக்கு கெமிஸ்ட்ரி கிட்டத்தட்ட எல்லா இடத்துலயும், கூட பயாலஜி பல இடத்துல. எஞ்சினியரிங்னா மேத்ஸ், ஃபிசிக்ஸ்.

அவனை காப்பாத்தினதும் ஏ லெவல் தான்னு சொல்லணும். அதுல ஒவ்வொரு பாடமும் தனித்தனி சர்டிபிகேட் மாதிரி, ஸ்கூல்ல சேராம பிரைவேட் கேண்டிடேட்டா பதிவு பண்ணி ஒத்தை பாடத்தை மட்டும் எழுதலாம். அப்படி ஒரு வருஷம் வீட்ல உக்காந்து மேத்ஸ் மட்டும் படிச்சு அடுத்த மே ஜூன் எக்ஸாம்ல எழுதினான். ஏ வாங்கினான், பயந்து ஓடின பாடத்துல. ஒரு வருஷம் போச்சேன்னு அவங்க அப்பாவுக்கு இன்னும் ஒரு முணுமுணுப்பு உண்டு, எனக்கு இல்ல.

ஏ லெவல்ல இன்னொரு விஷயம், எக்ஸாம் நடத்துற போர்டு. கேம்பிரிட்ஜ் இருக்கு, பியர்சன் எடெக்செல் இருக்கு, ஆக்ஸ்ஃபோர்டு ஏக்யூஏ இருக்கு. யுனிவர்சிட்டிக்கு எல்லாம் ஒண்ணு தான், பையனுக்கு தான் வித்தியாசம். எடெக்செல் இன்டர்நேஷனல் ஏ லெவல் யூனிட் யூனிட்டா உடைச்சு வேற வேற சீசன்ல எழுதுற மாதிரி இருக்கும், ஒரு யூனிட் சொதப்பினா அதை மட்டும் திரும்ப எழுதலாம். கேம்பிரிட்ஜ்ல முதல் வருஷ முடிவுல ஏஎஸ்னு ஏ லெவலோட முதல் பாதிய எழுதிட்டு அந்த மார்க்கை ரெண்டாவது வருஷத்தோட சேத்துக்கலாம், இல்ல ரெண்டையும் கடைசில ஒண்ணாவும் எழுதலாம். இங்கிலாந்துக்குள்ள இருக்கிற ஸ்கூல்கள்ல 2015லேர்ந்து படிப்படியா எல்லாமே ரெண்டு வருஷ முடிவுல ஒரே மூச்சுல எழுதுற மாதிரி மாத்திட்டாங்க, அங்க ஏஎஸ் மார்க் ஏ லெவலோட சேராது. கடைசி நேரத்துல கை நடுங்குற பிள்ளைன்னா இந்த வித்தியாசம் உயிர் நாடி. ஸ்கூல்ல சேக்கும்போது யாராவது இதை கேக்குறாங்களா, நீச்சல் குளம் இருக்கான்னு தான் கேக்குறோம்.

ஐபி. முழு பேர் இன்டர்நேஷனல் பேக்கலாரியட், 1968ல ஜெனீவால ஆரம்பிச்சாங்க, 1970ல முதல் எக்ஸாம். நாடு நாடா மாறுற குடும்பத்து பசங்க எந்த நாட்டு யுனிவர்சிட்டிக்கும் போற மாதிரி ஒரு சர்டிபிகேட் வேணும்னு இன்டர்நேஷனல் ஸ்கூல் டீச்சர்ஸ் யோசிச்சு கொண்டு வந்தது, அந்த குணம் இன்னும் அப்படியே இருக்கு. ஆறு பாடம். ஒரு மொழி இலக்கியம், ரெண்டாவதா இன்னொரு மொழி, ஹிஸ்டரி எகனாமிக்ஸ் மாதிரி ஒண்ணு, ஒரு சயின்ஸ், மேத்ஸ், ஆறாவது ஆர்ட்ஸ், ஆர்ட்ஸ் வேணாம்னா அதுக்கு பதிலா இன்னொரு சயின்ஸோ வேற பாடமோ எடுத்துக்கலாம். மூணு ஹையர் லெவல் மூணு ஸ்டாண்டர்ட் லெவல், ஹையருக்கு 240 மணி நேர வகுப்பு ஸ்டாண்டர்டுக்கு 150. ஒவ்வொண்ணுக்கும் 1லேர்ந்து 7 வரைக்கும் மார்க், ஆக 42. இது போக டிஓகேன்னு ஒண்ணு, நமக்கு தெரிஞ்சது நமக்கு எப்படி தெரிஞ்சதுன்னு யோசிக்க வைக்கிற வகுப்பு, அதோட 4000 வார்த்தைல எக்ஸ்டெண்டட் எஸ்ஸேன்னு ஒரு ஆராய்ச்சி கட்டுரை, ரெண்டும் சேத்து 3 பாயின்ட், மொத்தம் 45. சிஏஎஸ்னு இன்னொண்ணு, கலை, விளையாட்டு, சேவை. அதுக்கு பாயின்ட் கிடையாது, ஆனா முடிக்கலைன்னா டிப்ளமாவே கிடையாது. சம்பளம் இல்லாத வேலை மாதிரி.

டிப்ளமா வாங்க குறைஞ்சது 24 வேணும்னு சொல்லுவாங்க, அதை மட்டும் நம்பாதீங்க. ஹையர் மூணுலயும் சேத்து 12, ஸ்டாண்டர்ட் மூணுலயும் சேத்து 9, எந்த பாடத்துலயும் 1 வரக்கூடாது, டிஓகேலயோ எஸ்ஸேலயோ கடைசி கிரேடான ஈ வரக்கூடாதுன்னு உள்ளுக்குள்ள நிறைய கண்டிஷன் இருக்கு. இது தான் ஏ லெவலோட பெரிய வித்தியாசம், அங்க ஒரு பாடம் போனா அந்த ஒண்ணு தான் போகும் மத்த ரெண்டும் கைல இருக்கும், இங்க எல்லாம் ஒரே கயித்துல கட்டின மாதிரி. டிப்ளமா கைநழுவினா பாடவாரியா ரிசல்ட் மட்டும் வரும், அதை ஏத்துக்கிற இடமும் உண்டு, டிப்ளமா தான் வேணும்ங்கிற இடமும் உண்டு. பிரைவேட்டா எழுதறதுங்கற பேச்சே இல்ல, ஐபி அனுமதி வாங்கின ஸ்கூல் வழியா தான் எழுத முடியும். பெரியவன் செஞ்ச மாதிரி ஒரு பாடத்தை பிடிச்சு வீட்ல உக்காந்து கரை ஏர்றதெல்லாம் நடக்காது.

என் சின்னவளோட எக்ஸ்டெண்டட் எஸ்ஸே கதைய சொல்லாம இருக்க முடியல. கெமிஸ்ட்ரில எடுத்தா, துணி சாயம் வெயில்ல எந்த வேகத்துல வெளுக்குதுன்னு. வீட்டு மொட்டை மாடி முழுக்க கந்தல் துணியா தொங்கும், பாக்குறவங்க எல்லாம் வாஷிங் மெஷின் ரிப்பேரான்னு கேப்பாங்க. கைடு பண்ற டீச்சர் மொத்தமா 3லேர்ந்து 5 மணி நேரம் தான் ஒரு பிள்ளைக்கு ஒதுக்குவாங்க, மீதி எல்லாம் அவளே. முதல் ரெண்டு மாசம் எடுத்த ரீடிங் முழுக்க குப்பைன்னு மூணாவது மாசம் கண்டுபிடிச்சா, ஏன்னா மேகம் போட்ட நாளையும் வெயில் நாளையும் ஒண்ணாவே கணக்குல வச்சிருந்தா. அழுதா, நான் ஒரு கட்டத்துல நீ வேற டாபிக் மாத்திக்கோன்னு சொன்னேன், மாட்டேன்னு லேம்ப் ஒண்ணு வாங்கி ரூமுக்குள்ள திரும்ப ஆரம்பிச்சா. கடைசில பி தான் வந்துது. ஆனா காலேஜ் முதல் செமஸ்டர்ல லேப் ரிப்போர்ட் எழுத சொன்னப்போ கூட படிக்கிறவங்க எல்லாம் முழிச்சிட்டு இருக்க, "எனக்கு இது பழகினது தான்மா"ன்னு போன்ல சொன்னா. ஐபி பத்தி யார் என்ன விளம்பரம் பண்ணினாலும் எனக்கு இந்த ஒரு வரி தான் ஞாபகத்துக்கு வரும்.

ஐபில ஒரு பள்ளம் இருக்கு, அதை மட்டும் பெருசா எழுதி ஒட்டணும். மேத்ஸ் கட்டாயம்னு சொன்னேன்ல, அந்த மேத்ஸ் 2019லேர்ந்து ரெண்டு வகை. அனாலிசிஸ் அண்ட் அப்ரோச்சஸ்னு ஒண்ணு, சுருக்கமா ஏஏ, அப்ளிகேஷன்ஸ் அண்ட் இன்டர்ப்ரிடேஷன்னு இன்னொண்ணு, ஏஐ. ரெண்டுலயும் ஹையர் ஸ்டாண்டர்ட் உண்டு, ஆக நாலு மேத்ஸ். ஏஏல அல்ஜீப்ரா, கால்குலஸ், நிரூபிக்கிறதுன்னு போகும், ஏஐல ஸ்டாட்டிஸ்டிக்ஸ், மாடலிங்னு நடைமுறை பக்கம் அதிகம். ஏஐ ஸ்டாண்டர்ட் எடுத்தா 7 ஈஸியா வரும்னு ஸ்கூல்ல சொல்லுவாங்க, பாயின்ட் கூட வந்தா அவங்களுக்கும் பெருமை தானே. எஞ்சினியரிங், எகனாமிக்ஸ்னு யோசிக்கிற பிள்ளைக்கு அந்த 7 பல இடத்துல செல்லாக்காசு. மார்க் ஷீட்ல 7ன்னு பளபளன்னு இருக்கும், அட்மிஷன் பக்கத்துல ஏஏ ஹையர்னு கேட்டிருக்கும். பெரியவன் மேத்ஸ விட்டது மாதிரியே தான் இதுவும், என்ன ஒண்ணு, இங்க மேத்ஸ் எடுத்திருக்கோம்ங்கிற தைரியத்துல பேசாம இருந்துடுவோம்.

இன்னொரு நல்ல விஷயமும் சொல்லிடறேன், யாரும் சொல்ல மாட்டாங்க. ஸ்கூல்ல டீச்சரே இல்லாத தாய்மொழிய கூட ஐபில இலக்கிய பாடமா தானே படிச்சு எழுத ஒரு வழி இருக்கு, ஸ்டாண்டர்ட் லெவல்ல மட்டும். கூட இங்கிலீஷையும் இலக்கிய பாடமா எடுத்தா பைலிங்குவல் டிப்ளமா. எல்லா ஸ்கூலும் ஒத்துக்காது, கேட்டு பாக்குறதுல என்ன போச்சு.

ஏபி, அதாவது அட்வான்ஸ்டு ப்ளேஸ்மென்ட், அதை பத்தியும் தம்பி கேட்டான், "அமெரிக்கா போறதுன்னா ஏபி தானே படிக்கணும்"னு. ஏபிங்கறது தனியா ஒரு படிப்பு முடிச்ச சர்டிபிகேட் கிடையாதுடா. அமெரிக்கால ஸ்கூல் படிப்புக்கு ஹை ஸ்கூல் டிப்ளமான்னு ஒண்ணு இருக்கு, ஏபி அதுக்கு மேல வைக்கிற தொப்பி மாதிரி. காலேஜ் போர்டுங்கற அமெரிக்க அமைப்பு நடத்துறது, 1950கள்லேர்ந்து இருக்கு, காலேஜ் முதல் வருஷ பாடத்தை ஸ்கூல்லயே படிச்சு மே மாசம் எக்ஸாம் எழுதறது, மார்க் 1லேர்ந்து 5. வகுப்புக்கு போகாம தானா படிச்சும் எழுதலாம். 4, 5 வந்தா சில காலேஜ்ல அந்த பாடத்தை திரும்ப படிக்க வேணாம்னு கிரெடிட் குடுப்பாங்க, சில இடத்துல 3க்கே குடுப்பாங்க, சில பெரிய இடத்துல 5 வாங்கினாலும் கிரெடிட் கிடையாது போய் படின்னுடுவாங்க. ஐபி ஹையர் லெவலுக்கும் ஏ லெவலுக்கும் கூட இந்த மாதிரி கிரெடிட் நிறைய அமெரிக்க காலேஜ்ல உண்டு, ஐபி ஸ்டாண்டர்டுக்கு பெரும்பாலும் கிடையாது. அதனால அமெரிக்கான்னா ஏபி, இங்கிலாந்துன்னா ஏ லெவல்னு கோடு போட்டு பிரிக்காதீங்க, எல்லாரும் எல்லாத்தையும் வாங்கிப்பாங்க. எந்த சர்டிபிகேட்ங்கறத விட அதுக்குள்ள எந்த பாடம்ங்கறதுல தான் எல்லாம் மாட்டிக்கிட்டு நிக்குது. ஜெர்மனில ஐபி டிப்ளமா செல்லும், ஆனா எந்தெந்த பாடம் எந்த லெவல்ல எடுத்தேன்னு தனியா சட்டம் வச்சிருக்காங்க, அந்த கட்டத்துக்குள்ள வரலைன்னா நேரா சேர முடியாது.

இப்ப மார்க் விஷயம். இதுல தான் நம்ம ஆளுங்க கூத்தே. ஒரு கல்யாண வீட்ல ஒருத்தர் பையனுக்கு அபிட்டூர்ல 1.3னு சொன்னாரு, ஜெர்மன் ஸ்கூல் படிப்பு அது. பக்கத்துல இருந்த பெரியம்மா "பரவால்ல விடுங்க, அடுத்த தடவ நல்லா பண்ணுவான்"னு ஆறுதல் சொன்னாங்க. அங்க 1.0 தான் உச்சம், 4.0 தான் பாஸ் கோடு, எண்ணு குறைய குறைய நல்லது, 1.3ன்னா பையன் புலி. பிரான்ஸ்ல ஸ்கூல் முடிக்கிற எக்ஸாமுக்கு பாக்கலாரியான்னு பேரு, அதுல மார்க் 20க்கு, 10 வந்தா பாஸ், 16 தாண்டினா "மிக நன்று"ன்னு சர்டிபிகேட்லயே போட்டு குடுப்பாங்க, நம்ம கணக்குல 16ங்கறது 80 சதவீதம், அதுக்கா இவ்வளவு பாராட்டுன்னு தோணும். ஆஸ்திரேலியாவோட ஏட்டார் இன்னும் வேடிக்கை, 80ன்னா 80 மார்க் இல்ல, அது ரேங்க், உன் வயசு கூட்டத்துல 80 சதவீதம் பேருக்கு மேல நீ இருக்கேன்னு அர்த்தம், அதிகபட்சம் 99.95, நூறு யாருக்கும் கிடையாது.

ஐபிலயும் அப்படி தான். உலக சராசரியே 30 பாயின்ட்டை ஒட்டி தான் இருக்கு. கேம்பிரிட்ஜ் யுனிவர்சிட்டியே சாதாரணமா 41, 42 தான் கேக்குது, ஏ லெவல்ல வந்தா பாடத்தை பொறுத்து ஏ ஸ்டார் ஏ ஸ்டார் ஏ, இல்ல ஏ ஸ்டார் ஏ ஏ, ஏ ஸ்டார்ங்கறது ஏக்கும் மேல இருக்கிற கிரேடு. ஃபிசிக்ஸ் மாதிரி கஷ்டமான பாடத்துல நூத்துக்கு எழுபதை ஒட்டி எடுத்தாலே 7 வந்திருக்கு, ஏன்னா பேப்பரையே அப்படி செட் பண்றாங்க, கோடு எங்க விழும்னு ஒவ்வொரு சீசனும் மாறும். சின்னவ முதல் டெஸ்ட்ல 64னு பேப்பரை கொண்டு வந்தப்போ நான் போட்ட சத்தம் இருக்கே, அந்த மார்க்குக்கு 6ன்னு அவ சொல்றா, எனக்கு காதுல விழவே இல்ல. சென்டம் பாத்து வளந்த கண்ணு, என்ன பண்றது. அதனால ஒரு ஊர் மார்க்கை இன்னொரு ஊர் தராசுல வைக்காதீங்க, பிள்ளைங்க பாவம்.

இங்கிலாந்துக்கு அப்ளை பண்றவங்க தெரிஞ்சுக்க வேண்டிய இன்னொரு சங்கதி, ப்ரெடிக்டட் கிரேடு. எக்ஸாம் எழுதறதுக்கு பல மாசம் முன்னாடியே அப்ளிகேஷன் போயிடும், ஆக்ஸ்ஃபோர்டு கேம்பிரிட்ஜுக்கும் மெடிசினுக்கும் அக்டோபர் 15 கடைசி தேதி, அப்ப கைல ரிசல்ட் ஏது? இந்த பிள்ளை இவ்வளவு வாங்கும்னு டீச்சர் கணிச்சு போடுறது தான் போகும். அதை வச்சு கண்டிஷனல் ஆஃபர் வரும், அப்புறம் எழுதி அந்த மார்க்கை எடுத்தா தான் சீட். ஐபி ரிசல்ட் ஜூலை 5 வாக்குல வந்துடும், ஏ லெவல் ஆகஸ்ட் நடுவுல. அதனால முதல் வருஷம் தூங்கிட்டு ரெண்டாவது வருஷம் முழிச்சுக்கலாம்னு நினைக்கிற பிள்ளைங்க இங்க அடி வாங்கும், முதல் வருஷ உழைப்பை பாத்து தானே டீச்சர் கணிப்பாங்க. 2020ல கொரோனா வந்து எக்ஸாமே ரத்தானப்போ இந்த கணிப்பு எவ்வளவு பெரிய விஷயம்னு உலகத்துக்கே தெரிஞ்சுது. இங்கிலாந்துல கம்ப்யூட்டர் ஃபார்முலா வச்சு கிரேடு போட்டு, டீச்சர் குடுத்ததுல அஞ்சுல ரெண்டு பங்கு கிட்ட கீழ இறக்கி விட்டாங்க, பசங்க ரோட்ல இறங்கி கத்தினதும் ஆகஸ்ட் 17 அன்னிக்கு அதை வாபஸ் வாங்கிட்டு டீச்சர் கிரேடையே குடுத்தாங்க. ஐபிலயும் அந்த வருஷம் இதே மாதிரி சலசலப்பு.

ஃபவுண்டேஷன் பத்தி கொஞ்சமா. உங்க ஸ்கூல் சர்டிபிகேட்டை நேரா ஏத்துக்காத இடத்துல ஒரு வருஷ ஃபவுண்டேஷன் படிச்சிட்டு உள்ள போகலாம், ஜெர்மனில இதுக்கு ஸ்டுடியன்கொல்லெக்னு பேரு, முடிவுல ஒரு எக்ஸாமும் உண்டு. மோசம்னு சொல்ல மாட்டேன், ஆனா பல ஃபவுண்டேஷன் அந்த ஒரு யுனிவர்சிட்டிக்கோ அதோட கூட்டாளி இடங்களுக்கோ தான் சாவி, வேற பூட்டுல போட்டா திறக்காது. பணம் கட்டுறதுக்கு முன்னாடி இது எங்கெங்க செல்லும்னு எழுத்துல வாங்குங்க. இன்னொண்ணு, சொந்த நாட்டு பன்னிரண்டாவது சர்டிபிகேட்டையே நல்ல மார்க்கோட நேரா எடுத்துக்கிற வெளிநாட்டு யுனிவர்சிட்டிகளும் நிறைய இருக்கு. இன்டர்நேஷனல்னு போர்டு போட்டா தான் வெளிநாடு போக முடியும்னு யாரோ கிளப்பி விட்டுட்டாங்க.

தம்பிகிட்ட கடைசியா கேட்டது இது தான், "அந்த ஸ்கூல்ல டைம்டேபிள் பிளாக் எப்படி இருக்கு, பாத்தியா?" முழிச்சான். ப்ரோஷர்ல இருபது பாடம் போட்டிருப்பாங்க, நாமளும் ஆஹான்னு பாப்போம். உள்ள போனா அந்த இருபதையும் மூணு நாலு பிளாக்கா பிரிச்சிருப்பாங்க, ஒரு பிளாக்ல ஒண்ணு தான் எடுக்க முடியும், கெமிஸ்ட்ரியும் ஆர்ட்டும் ஒரே பிளாக்ல விழுந்துட்டா ரெண்டும் சேந்து கிடைக்காது. மூணு பேர் சேரலைன்னா அந்த பாடத்தையே தூக்கிடுவாங்க. சின்னவளுக்கு ஃபிசிக்ஸ் ஹையர் வேணும்னு கேட்டு சேத்தோம், ஸ்கூல் திறந்த முதல் வாரம் "இந்த வருஷம் ஃபிசிக்ஸ் ஸ்டாண்டர்ட் மட்டும் தான்"னு சர்க்குலர் வந்துது, அதனால தான் அவ கெமிஸ்ட்ரி பக்கமே போனா. நல்லதா போச்சுன்னு இப்ப சொல்றோம், அன்னிக்கு எவ்வளவு சண்டை போட்டேன்னு எனக்கு தான் தெரியும்.

"நீ ஏண்டா கேக்குற, படிக்கப்போறவ யாரு, அவகிட்ட குடு"ன்னேன். பதினாறு வயசு, தூங்கல, அப்பா பேசுறத பக்கத்து ரூம்லேர்ந்து கேட்டுட்டு தான் இருந்திருக்கா. "அத்தை, எனக்கு ஆர்க்கிடெக்சர் படிக்கணும், அப்பாகிட்ட இன்னும் சொல்லல"ன்னு மெதுவா சொன்னா. அப்பா ஐபியா ஏ லெவலான்னு ஒரு வாரமா மண்டைய உடைச்சுக்கிறான், பொண்ணு என்ன படிக்க போறான்னே கேக்கல.

அந்த சனிக்கிழமை நானும் அவளும் வீடியோ கால்ல உக்காந்து, மூணு நாட்டுல அஞ்சு ஆர்க்கிடெக்சர் டிபார்ட்மென்ட் அட்மிஷன் பக்கத்தை திறந்து ஒரு நோட்டுல எழுதினோம். நாலு இடத்துல வரைஞ்ச போர்ட்ஃபோலியோ கேட்டிருக்கு, ரெண்டுல மேத்ஸ் கட்டாயம், ஒண்ணுல ஃபிசிக்ஸ் இருந்தா நல்லதுன்னு. மூணு பாடத்துல ஆழமா போறது தான் தனக்கு சரியா வரும், ரெண்டாவது மொழி படிக்க பொறுமை இல்லைன்னு அவளே ஏ லெவல் பக்கம் சாஞ்சா. மேத்ஸ், ஆர்ட் ரெண்டும் முடிவாயிடுச்சு. மூணாவதுக்கு ஃபிசிக்ஸ்னு எழுதி அடிச்சு ஜாக்ரஃபின்னு எழுதி, அதையும் அடிச்சு வச்சிருக்கா. ஃபிசிக்ஸும் ஆர்ட்டும் ஒரே பிளாக்கான்னு தம்பி திங்கட்கிழமை ஸ்கூல்ல கேட்டுட்டு வர்றேன்னு சொல்லியிருக்கான், இன்னும் போன் வரல.